டாலி மெஸ்ஸெஞ்சரும் எங்கள் பள்ளிப் பலகையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் நான் கதை சொல்லும்போது நடுவில் யாராவது எழுந்தால் எனக்குப் பிடிக்காது என்பது பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றும் அப்படித்தான். கடைசி வரை வாருங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஆறு மாதம் சிட்னியில் இருந்தேன் அல்லவா? பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். பிறகு பெரிய பேரன் பள்ளியிலிருந்து வரும் வரை சும்மாதான் இருப்பேன். அவர்கள் இருப்பது வென்ட்வொர்த்வில் என்ற இடம். தெருவுக்கு இறங்கினால் தமிழ்க் குரல் கேட்கும். கறிவேப்பிலை கிடைக்கும். அதனால் ஊர் நினைப்பில் அழவில்லை.

பேரனுக்குப் பதினொரு வயது. அவனுக்குச் சோற்றைவிடப் பெரியது ரக்பி லீக். பக்கத்திலிருக்கும் பரமாட்டா அணியின் ரசிகன். அந்த அணிக்குப் பெயரே விலாங்கு மீன்! நீலமும் மஞ்சளும் கலந்த அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்குவான். ஒருநாள் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். தங்களுக்குப் பிடித்த விளையாட்டின் தொடக்க கால வீரர் ஒருவரைப் பற்றி. அவன் வந்து கேட்டான்:

"ஆச்சி, டாலி எம்னு ஒரு மெடல் குடுப்பாங்க. வருஷத்துல பெஸ்ட் பிளேயருக்கு. அது ஆளு பேரா, மெடல் பேரா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தரவில்லை. "வா, ரெண்டு பேரும் தேடுவோம்" என்றேன். நூலகத்தில் புத்தகம் எடுத்தோம். பழைய செய்தித்தாள்கள் கணினியிலேயே கிடைத்தன. கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு அவன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். நான்தான் அந்த ஆளிடம் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கம் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு ட்ரை என்று பெயர். அந்தக் காலத்தில் அதற்கு 3 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்துத் தாண்டவிட்டால் 2 புள்ளி. எதிரிகள் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். நம் கபடியில் ரெய்டு போனவனின் காலைப் பிடித்து நான்கு பேர் மேலே விழுவது போலத்தான். ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பின்னால் ஓடி வருகிறவனிடம்தான் தர வேண்டும்.

இனி ஆளைச் சொல்கிறேன்.

ஹெர்பர்ட் ஹென்றி மெஸ்ஸெஞ்சர். 1883 ஏப்ரல் 12 அன்று சிட்னியின் பால்மெய்னில் பிறந்தவர். அப்பா சார்லஸ் பெயர் பெற்ற துடுப்புப் படகுப் பந்தய வீரர், படகு கட்டுகிறவர். டபுள் பே என்ற கரையோரத்தில் படகுக் கொட்டகை வைத்திருந்தார். பையன் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்துத்தான் வளர்ந்தான். சின்ன வயதில் தொந்தியோடு இருந்தானாம். அப்போது வில்லியம் டாலி என்று ஒரு அரசியல்வாதி இருந்தார், அவருக்கும் நல்ல தொந்தி. அதனால் பையனுக்கு 'டாலி' என்று பட்டப்பெயர். நம் ஊரில் மட்டும்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்! அந்தக் கேலிப் பெயர்தான் இன்று அந்த நாட்டின் பெரிய விளையாட்டு விருதின் பெயர்.

வளர்ந்த பிறகும் பெரிய உயரம் இல்லை. ஆனால் எப்படி ஆடுவார் என்று எதிரிக்குப் புரியாது. மூலையிலிருந்தும், பாதி மைதானத்திலிருந்தும் உதைத்துக் கம்பத்துக்குள் பந்தைப் போடுவார். அவரைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் 'மாஸ்டர்'. அதாவது, வாத்தியார்! இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பாசம் கூடிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் முதலில் ஆடியது ரக்பி யூனியன். அது பழைய ஆட்டம், அணிக்குப் பதினைந்து பேர். அதில் ஒரு கட்டளை இருந்தது. யாரும் ஒரு பைசா வாங்கக் கூடாது. விளையாட்டை விளையாட்டுக்காக ஆட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிட்னியில் அந்த ஆட்டத்தை ஆடியவர்களில் பாதிப்பேர் கூலி வேலை பார்க்கிறவர்கள், துறைமுகத் தொழிலாளிகள், பட்டறைக்காரர்கள். வெளியூர் போய் ஆடினால் அன்றைய கூலி போச்சு. அடிபட்டால் வைத்தியச் செலவும் அவர்கள் பாடு. 1907 ஜூலையில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸ் அணி நியூசிலாந்துடன் மோதியது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அந்த வசூலெல்லாம் சங்கத்துக்கு. ஆடியவனுக்கு வீட்டுக்குப் போகும்போது வெறும் கை.

அந்தச் சமயத்தில் அலெக் பர்டன் என்ற வீரர் அடிபட்டார். அவர் தொழில் முடிவெட்டுவது. கை வேலை செய்யாவிட்டால் வயிறு வேலை செய்யாது. சங்கம் அவருக்கு இழப்பீடு எதுவும் தரவில்லை. அதுதான் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் எண்ணெய்.

இங்கிலாந்தில் இந்தச் சண்டை முன்பே வந்துவிட்டது. 1895-ல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடி, "ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அந்தக் கூலியைக் கொடுப்போம்" என்று சொல்லித் தனியாகப் பிரிந்துவிட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். நியூசிலாந்தில் வெலிங்டன் தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர் இதைக் கேள்விப்பட்டு, இங்கிலாந்துக்கு ஒரு அணியைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு ஆடலாம் என்று கிளம்பினார். வீரர்கள் ஆளுக்கு 50 பவுண்டு முதல் போட்டு, வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. நம் ஊரில் சீட்டுப் போட்டுத் தொழில் தொடங்குவது மாதிரி. நியூசிலாந்து அணிக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர் அல்லவா? காசுக்கு ஆடப் போகிறவர்கள் என்று கேலி செய்து சிட்னி பத்திரிகைகள் இவர்களுக்கு 'ஆல் கோல்ட்ஸ்' என்று பெயர் வைத்தன.

இவர்களைச் சிட்னியில் இறக்கி ஆட வைக்க ஜேம்ஸ் கில்டினன் என்பவர் முன்வந்தார். அவருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? விக்டர் டிரம்பர். கிரிக்கெட் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1902-ல் மான்செஸ்டர் டெஸ்டில் முதல்நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நூறு அடித்த அதே டிரம்பர்தான். சிட்னியில் அவருக்கு விளையாட்டுப் பொருள் கடை இருந்தது. அங்கே கூடித்தான் பேசினார்கள். 1907 ஆகஸ்ட் 8 அன்று பேட்மன் கிரிஸ்டல் ஓட்டலில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் பிறந்தது. ஹென்றி ஹாய்ல் தலைவர், கில்டினன் செயலாளர், டிரம்பர் பொருளாளர்.

சங்கம் பிறந்தால் போதுமா? கூட்டம் வர வேண்டும். கூட்டம் வர ஒரே வழி டாலி மெஸ்ஸெஞ்சர். அப்போது அவருக்கு வயது 24. அந்த வருடம்தான் யூனியன் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய அணிக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடியிருந்தார். மக்கள் அவர் பெயரைச் சொல்லி மைதானத்துக்கு வந்தார்கள். கில்டினனும் டிரம்பரும் டபுள் பே வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அவர் அம்மாவின் சம்மதம் கிடைத்த பிறகுதான் சரி என்றார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 24 வயது ஆண்பிள்ளை அம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவு சொன்னார் என்று பேரனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் அம்மா அடுப்படியிலிருந்து, "நல்லாக் கேட்டுக்கோ" என்றாள்.

அந்த அம்மாவைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். காசு வாங்கினால் சங்கம் சும்மா விடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகன் உச்சத்தில் இருக்கிறான். ஊரே கொண்டாடுகிறது. "சரி, போ" என்று சொல்வது லேசான காரியமா?

ஆகஸ்ட் 17 அன்று முதல் ஆட்டம். சுமார் இருபதாயிரம் பேர் வந்தார்கள். புது ஆட்டத்தின் விதிப் புத்தகமே கைக்கு வரவில்லை, அதனால் பழைய விதிகளின்படியே ஆடினார்கள்! மூன்று ஆட்டத்திலும் நியூசிலாந்துதான் ஜெயித்தது. ஆனால் பாஸ்கர்வில், மெஸ்ஸெஞ்சரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "எங்களோடு இங்கிலாந்துக்கு வா" என்று கூப்பிட்டார். நியூசிலாந்து அணியில் ஒரே ஒரு ஆஸ்திரேலியராக அவர் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் அணியில் எல்லோரையும்விட அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான்.

திரும்பி வரும் வழியில், 1908 மே மாதம், பிரிஸ்பேனில் பாஸ்கர்வில் நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். வயது 25. வெலிங்டனில் அவருடைய விதவைத் தாயாருக்கு உதவ அவர் தோழர்கள் ஒரு ஆட்டம் ஆடி நிதி திரட்டினார்கள். பிள்ளைகளே, காசுக்காக ஆடுகிறவர்கள் என்று ஊர் சிரித்ததே, அந்தப் பையன்கள் செய்த வேலை இது.

மெஸ்ஸெஞ்சர் தொடர்ந்து ஆடினார். 1908-ல் சிட்னியில் ஒன்பது கிளப்புகளோடு லீக் போட்டி தொடங்கியது. அவர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி. அதே வருடம் 'கங்காரு' என்ற பெயரோடு முதல் ஆஸ்திரேலிய லீக் அணி இங்கிலாந்து போனது. அதிலும் அவர் இருந்தார். அந்தப் பயணத்தில் கையைச் சுட்டுக்கொண்டு கில்டினன் திவாலாகிவிட்டார் என்பது தனிக் கதை. 1911-ல் மெஸ்ஸெஞ்சர் ஒரே பருவத்தில் 270 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சாதனையை 1935-ல்தான் டேவ் பிரவுன் என்பவர் உடைத்தார். 1911, 1912, 1913 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கோப்பை வென்றது. மூன்று முறை தொடர்ந்து வென்றதால் சுழற்கேடயம் நிரந்தரமாக அந்தக் கிளப்புக்கே சொந்தமானது. கிளப் அதைத் தன் கேப்டன் மெஸ்ஸெஞ்சர் கையில் கொடுத்துவிட்டது. அந்தக் கேடயம் இப்போது ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1913-ல் ஓய்வு பெற்றார்.

இவ்வளவும் பேரன் கட்டுரைக்குப் போதுமானதாக இருந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வரி. மெஸ்ஸெஞ்சர் லீக் ஆட்டத்துக்குப் போன பிறகு, ரக்பி யூனியன் சங்கம் அவருக்குத் தடை போட்டது மட்டுமில்லை. அவர் யூனியனில் ஆடிய கணக்கையெல்லாம் தன் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது.

படித்துக்கொண்டிருந்த நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

'இனிமேல் நீ வராதே' என்று சொல்வது ஒரு தண்டனை. அது புரிகிறது. 'நீ வந்ததே இல்லை' என்று எழுதுவது வேறு. ஐம்பதாயிரம் பேர் பார்த்த ஆட்டக்காரனை ஆடவே இல்லை என்று ஆக்க ஒரு எழுத்தர், ஒரு பேனா போதும். யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்து, மேஜையில் வைத்து, கோடு போட்டிருப்பார். நல்ல மனிதராகக்கூட இருந்திருப்பார். மேலிடத்து உத்தரவு என்று சொல்லியிருப்பார். அன்று மாலை வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

எனக்கு அந்த மனிதரைத் தெரியும். அவர் நான்தான்.

1993-94 கல்வியாண்டு. பள்ளி பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் நம் பள்ளிக் கபடி அணி மாவட்ட அளவில் முதலிடம் வந்தது. பள்ளி வரலாற்றிலேயே முதல் தடவை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு கறுப்புப் பலகை அடித்து, அதில் பன்னிரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலை எனக்கு வந்தது. பயிற்சிப் பள்ளியில் கரும்பலகை எழுத்துக்கு நான் வாங்கிய பெயர் அப்படி. வெள்ளை எனாமல் பெயின்ட், மெல்லிய தூரிகை. ஒரு சனிக்கிழமை முழுக்க ஸ்டூல் மேல் நின்று எழுதினேன். மூன்றாவது பெயர் அவனுடையது.

அவனை நினைவிருக்கிறதா உங்களுக்கு? ஒல்லியாக இருப்பான். ரெய்டு போனால் ஒரு காலை நீட்டி, எதிரி பிடிக்க வரும்போது அப்படியே பல்லி மாதிரி நழுவிக் கோட்டைத் தொட்டுவிடுவான். இறுதி ஆட்டத்தில் கடைசி மூன்று புள்ளி அவன் எடுத்தது. மேளம் அடித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் அவன் அப்பா செங்கல் சூளையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து ஊர் அணிக்காரர்கள், "பொங்கல் போட்டியில் எங்களுக்கு ஆடு, இரவுக்கு நூற்றைம்பது ரூபாய்" என்று கூப்பிட்டார்கள். போனான். மூன்று இரவு ஆடினான். அந்த ஊர் ஜெயித்தது. செய்தி பள்ளிக்கு வந்தது.

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. இப்போது அவர் உயிரோடும் இல்லை. ஆனால் அன்று சொன்னார்: "காசுக்கு ஆடுறவன் பேரு பள்ளிக்கூடப் பலகையில இருக்கக் கூடாது டீச்சர். மத்த பயலுகளும் கெட்டுப்போவாங்க. அழிச்சிருங்க." ஆசிரியர் அறையில் ஏழு பேர் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்று தேதி ஒன்று. காலையில்தான் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருந்தோம். அது எனக்கு உறைக்கவே இல்லை. சொல்லிக்கொடுப்பதற்குக் காசு வாங்குகிற நாங்கள், ஆடுவதற்குக் காசு வாங்கிய பையனுக்குத் தீர்ப்பு எழுதினோம்.

கறுப்புப் பெயின்ட்டை எடுத்து நானே பூசினேன். கோணலாக இருக்கக் கூடாது என்று ஸ்கேல் வைத்துப் பூசினேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்னால் அவன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது பெயருக்கும் நான்காவது பெயருக்கும் நடுவில் வெற்று இடம். என்னைப் பார்த்து, "டீச்சர், வரிசை எண் மட்டும் இருக்கே?" என்றான். ஆமாம், '3' என்ற எண்ணை அழிக்க மறந்திருந்தேன். அவன் கோபமாகக் கேட்கவில்லை. என் பாடத்தில் பிழை கண்டுபிடித்த மாதிரிதான் கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஹெச்.எம். உத்தரவு" என்றேன். அன்று மதியம் அந்த எண்ணையும் அழித்தேன்.

அவன் பத்தாம் வகுப்பு வரை வந்தான், தேர்வு எழுதினான், பாஸும் செய்தான். ஆனால் அதன் பிறகு ஒருநாளும் நம் பள்ளி மைதானத்தில் இறங்கி ஆடியதில்லை. பல வருடம் கழித்து ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். லாரி ஓட்டுவதாகச் சொன்னான். என் பையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். பலகையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேருந்து கிளம்பும் வரை ஜன்னல் ஓரத்தில் நின்றான். பேச எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

மெஸ்ஸெஞ்சர் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் வாழ்க்கை ஏறவில்லை. மதுவிடுதி நடத்திப் பார்த்தார். வாழைத் தோட்டம் போட்டுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் தச்சு வேலை பார்த்தார். படகுக் கொட்டகையில் கற்ற கைத்தொழில்தான் சோறு போட்டது. காசுக்காகப் போனான் என்று ஏசினார்களே, அந்தக் காசு அவரை மாளிகையில் வைக்கவில்லை. 1959 நவம்பர் 24 அன்று கன்னடா என்ற உள்நாட்டு ஊரில் இறந்தார். வயது 76. ('கன்னடா' என்றதும் என் பேரன் கர்நாடகாவா என்று கேட்டான். அப்போது சிரித்தோம்.)

அதன் பிறகு பெருமைகள் வந்தன. 1980-ல் டாலி எம் விருது தொடங்கியது. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் அவர் பெயரில் பார்வையாளர் மாடம் இருக்கிறது. 2018-ல் ரக்பி லீக்கின் 'அமரர்கள்' என்ற மிகச் சிறிய பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள். யூனியன் சங்கமும் தன் பதிவேட்டைத் திருத்தியது. நீக்கிய கணக்கைத் திரும்ப எழுதியது. எப்போது? 2007-ல். நீக்கி நூறு வருடம் கழித்து. அவர் இறந்து நாற்பத்தெட்டு வருடம் கழித்து. இதற்கு நடுவில் 1995-ல் ரக்பி யூனியனே வீரர்கள் காசு வாங்கலாம் என்று விதியை மாற்றிக்கொண்டது!

கணக்கு டீச்சர் அல்லவா, அந்த நாற்பத்தெட்டு என்ற எண் என் மண்டையிலேயே நின்றுவிட்டது. திருத்தம் சரிதான். ஆனால் யாருக்குச் செய்தார்களோ அவருக்கு அது தெரியாது. வயதான காலத்தில் தச்சு வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது போய், "ஐயா, உங்கள் பெயரைத் திரும்ப எழுதிவிட்டோம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒரு பேனா, ஒரு வரி. அடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ, எழுதவும் அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மகளிடம் கேட்டு டபுள் பேவுக்குப் போனோம். துறைமுகத்திலிருந்து படகில் போகலாம். கைக்குழந்தையை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டார். இப்போது அங்கே பணக்கார வீடுகள், கடைகள். வெள்ளை வெள்ளையாகப் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. பேரன் கரையில் நின்று பந்தை உதைக்கப் போனான். "தண்ணியில போட்டா நீதான் இறங்கணும்" என்றாள் அவன் அம்மா. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஊருக்குப் போனதும் முதல் வேலை அந்தப் பலகைதான் என்று முடிவு செய்தேன். வெள்ளை எனாமல் பெயின்ட் நானே வாங்கிக்கொண்டு போவது. இப்போது கை நடுங்குகிறது, பரவாயில்லை. கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் பள்ளிக்குப் போனேன். இப்போது இருக்கும் தலைமையாசிரியை நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மரியாதையாகப் பேசினார். பலகையைக் கேட்டேன். பழைய கட்டடத்தை இடித்தபோது அதுவும் போய்விட்டதாம். "மழையில ஊறி உளுத்துப் போயிருந்துச்சு டீச்சர், காயலான் கடைக்காரன்கூட வாங்கல" என்றார். பையில் இருந்த பெயின்ட் டப்பாவை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன். தெருமுனையில்தான் அழுகை வந்தது.

எனக்கு இப்போது இருக்கும் பலகை இந்தப் பக்கம்தான். இதில் என் மாணவர்கள் நானூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். அவன் இருக்கிறானா என்று தெரியாது. சிலர் வேறு பெயரில், பிள்ளைகள் படத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். அதனால் இதை அவனுக்காகவே எழுதுகிறேன்.

தம்பி, 1993-ல் மாவட்டத்தில் முதலிடம் வந்த நம் அணியில் நீ ஆடினாய். கடைசி மூன்று புள்ளி உன்னுடையது. அப்பா படுத்திருந்தபோது வீட்டுக்கு அரிசி வாங்க நீ மூன்று இரவு வேறொரு ஊருக்காக ஆடினாய். அதில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் என் கையில் இருந்த தூரிகையில். உத்தரவு யாருடையதாக இருந்தாலும் பூசியது என் கை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பேருந்து நிலையத்தில் கேட்டிருக்க வேண்டியது.

உன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஒருமுறை உன்னைக் கேட்காமல் எழுதினேன், ஒருமுறை உன்னைக் கேட்காமல் அழித்தேன். மூன்றாவது முறையும் கேட்காமல் செய்ய எனக்கு உரிமை இல்லை. நீ விரும்பினால், கீழே நீயே எழுது. விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடு, அதுவும் நியாயம்தான்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை மட்டும் அவனுக்குக் காட்டுங்கள். அந்த அணியில் ஆடிய மற்றவர்கள், உங்கள் பெயரை வரிசை எண்ணோடு கீழே எழுதுங்கள், பலகையில் இருந்த வரிசையிலேயே. 1, 2, பிறகு 4 முதல் 12 வரை.

3 மட்டும் காலியாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்